குறிப்பு 14: இதர செலவுகள்

உபி தொழிற்பேட்டை, ஆறாம் மாடி.
ஏர்கான் எனக்கு மட்டும் ஓடுகிறது.

மண்டப வாடகை
போன வருஷம் இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் வெள்ளி.
இந்த வருஷம் ஒரு கோடு.
தேநீர் இடைவேளை, அதுவும் கோடு.
லாபம் மூன்று மடங்கு.
முதலாளி திரைக்குள்ளிருந்து கட்டைவிரல் உயர்த்தினார்;
சிரிப்பு முதலில் வந்தது,
விரல் கொஞ்சம் தாமதமாக.

தணிக்கையாளர் லியோங் கேட்கிறார்:
சிற்றுண்டிச் செலவு ஏன் இல்லை? விளக்கம் தேவை.

நூர்ஹயாத்தி அக்கா காலை ஏழரைக்கு
சரக்கு லிஃப்டில் கறிபாப் தட்டுகளை ஏற்றி வருவார்.
சொன்ன எண்ணிக்கைக்கு மேல் ஐந்து இருக்கும்.
அந்த ஐந்துக்கு ரசீது கிடையாது.
டிசம்பரில் ஒரே வரி அனுப்பியிருந்தார்:
அடுத்த மாதம் எத்தனை பேர்?
இரண்டு நீல டிக். நான் பதில் போடவில்லை.

'நிகழ்வுகள் இணையத்துக்கு மாறியதால்'
என்று தட்டினேன்.
லியோங் ஏற்றுக்கொண்டார்.

அலமாரியில் அறுநூறு கழுத்துப்பட்டைகள்.
மதிப்பு பூஜ்யம் என எழுதித் தள்ளிவிட்டு
ஒன்றில் வீட்டுச் சாவியைக் கோத்துக்கொண்டேன்.

மெக்பர்சனில் ரயில் மாறும்போது
பக்கத்தில் நின்றவர் அதைப் பார்த்துக் கேட்டார்:
எங்கே நடக்கிறது கருத்தரங்கு?