அக்டோபர் வரை

ஹெல்துர் கொடுத்த பெட்டி உயரம் குறைவு.
உயரம் இருந்தால் எம்பும்,
எம்பினால் தலை மோதும் என்றான்.
அடியில் வைக்கோல். தண்ணீர்க் கிண்ணம் கிடையாது,
தளும்பினால் நெஞ்சு நனைந்து நடுங்கும்.
அதற்குப் பதில் வெள்ளரித் துண்டு நாலு.
மேலே பழைய கம்பளி:
இருட்டில் வாத்து யோசிக்காது என்பது
அவனுடைய முப்பது வருடக் கண்டுபிடிப்பு.

கால் வளையத்தில் ஓர் எண்.
மருத்துவர் தந்த தாளிலும் அதே எண்.
மூன்று தடவை ஒப்பிட்டுக் காட்டினான்,
கல்யாணத்துக்குப் போகாதவன்.

பெறுபவர்: விர்வே, மூஹு தீவு.
உறவு என்ற கட்டத்தில்
மனைவி என்று எழுதி அடித்து
முன்னாள் என்று எழுதி
அதையும் அடித்து
மேற்கொண்டு எழுத இடமில்லாமல் விட்டிருந்தான்.

நான் வண்டிக்காரி.
ஆட்டுக்குட்டி, தேனீப் பெட்டி,
ஒருமுறை உறைய வைத்த காளை விந்து,
எல்லாம் ஏற்றியிருக்கிறேன்.
கல்யாணப் பரிசு இதுதான் முதல்.

ராப்லா தாண்டியதும் வானொலியை அணைத்தேன்.
மாண்டரின் வாத்து நாம் நினைக்கிற மாதிரி கத்துவதில்லை.
ஆண் விசிலடிக்கிறது, மூக்கடைத்தவன் போல.
பெண் 'கெக்' என்கிறது.
போதும் என்பதற்கு
எங்கள் மொழியில்கூட இவ்வளவு சின்னச் சொல் இல்லை.

விர்ட்சு துறையில் வரிசை.
ஜூலை; இரவு பத்து மணிக்கும் வெளிச்சம்
போகலாமா இருக்கலாமா என்று நின்றது.
கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினேன்.
படகு கரையை விட்டதும் இரண்டும் அடங்கிவிட்டன.
நாலு சக்கரத்துக்கும் ஓர் இரும்புத் தட்டுக்கும் கீழே
தண்ணீர் ஓடுவது
எப்படியோ அவற்றுக்குத் தெரிந்துவிட்டது.

ஜோடி பிரியாத பறவை என்பார்கள்.
அதனால்தான் கல்யாணத்துக்குத் தருவது.
ஹெல்துரிடம் கேட்டதற்குச் சிரித்தான்:
முட்டை வைத்ததும் ஆண் கிளம்பிவிடும்,
அடுத்த வருடம் யாரோ.
விர்வேக்கும் தெரியும் என்றான்,
பதினோரு வருடம் கூண்டு கழுவியவள்.

மாப்பிள்ளை எல்மார் முற்றத்தில் காத்திருந்தார்.
குட்டை தோண்டி, அதற்கு மரப் படி வைத்து
பூர்ச்சை மரத்தில் கூட்டுப்பெட்டி ஏற்றி
போனில் படமும் காட்டியிருந்தார் எல்லோருக்கும்:
நெருப்பு மீசை, ஊதா மார்பு,
முதுகில் பாய்மரம் போல் இரண்டு செம்மஞ்சள் இறகு.
தூங்க மறுத்த பிள்ளைகள் ஆறு பேர்
பெட்டியைச் சுற்றி முழங்காலிட்டார்கள்.

கம்பளியை விலக்கினேன்.

இரண்டு பழுப்பு வாத்து.

ஒரு பிள்ளை பெட்டிக்குள் மறுபடி பார்த்தது,
நல்லது அடியில் இருக்குமோ என்று.
எல்மார் தொண்டையைச் செருமினார்.
மாற்றிக் கொடுத்துவிட்டாயா என்று என்னைக் கேட்டது
கோபமா அவமானமா, பிரித்துச் சொல்ல முடியவில்லை.
தாளை நீட்டினேன். எண் சரியாகத்தான் இருந்தது.

விர்வே வந்தாள். கையில் மாவு.
ஒன்றைத் தூக்கி இறக்கையோடு அணைத்து
தலையைத் திருப்பி
அலகைப் பார்த்தாள். சிவப்பு.
ஆண்தான், என்றாள். இறகு உதிர்க்கிற காலம்.
கோடையில் இதற்கும் அதற்கும் வித்தியாசம் அலகு மட்டும்.
பிறகு யாரையும் பார்க்காமல்:
அவன் எப்போதும் தப்பான மாதத்தில்தான் வருவான்.

நிறம் எப்போது வரும், எல்மார் கேட்டார்.
அக்டோபர்.
அதுவரை?
அதுவரை சோறு போடு.

முதலில் சிரித்தது எல்மார்தான்.

கடைசிப் படகில் திரும்பினேன்.
மறுநாள் பெட்டி கழுவும்போது
வைக்கோலுக்குள் ஓர் இறகு,
பாய்மரத்தில் பாதி அகலம், ஓரம் கிழிந்து
ஆனால் அந்தச் செம்மஞ்சள்.
நேற்றே கண்டிருந்தால் ஆறு பிள்ளைகளுக்கும்
சாட்சி ஆகியிருக்கும்.

அனுப்பலாம் என்றுதான் எடுத்து வைத்தேன்.
மூஹுவுக்கா, ராப்லாவுக்கா
என்பதில் இரண்டு வாரம் போயிற்று.
இப்போது வெயில் தடுப்பில் செருகியிருக்கிறது
பெட்ரோல் ரசீதுகளோடு.
கதவைச் சாத்தும்போதெல்லாம் நிமிர்கிறது.