இரண்டாம் தண்ணீர்

மார்ச் மாதம். கடல் ஆறு டிகிரி.
வெள்ளை அங்கியோடு இறங்கினாள் மர்யூன்.
க்ளாக்ஸ்விக் கரையில் சகோதர சபையார் பாடினார்கள்.
நான் அவள் ரப்பர் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீலம் பாய்ந்த உதட்டோடு சொன்னாள்:
"இதுதான் என் முதல் ஞானஸ்நானம், ஹானுஸ்."
அப்படியென்றால் முப்பது வருடம் முன்பு
அந்தப் புல்கூரைத் தேவாலயத்தில்
உன் தலையில் ஊற்றியது?
"மழை" என்றாள்.
எங்கள் தீவில் மழைக்கா பஞ்சம்.

ஒரே கர்த்தர். ஒரே வேதம்.
ஞாயிறு காலை பத்தேகாலுக்கு
அவள் மேட்டுத்தெரு ஏறுவாள்,
நான் துறைமுகம் பார்த்து இறங்குவேன்.
ஒருமுறை அவளோடு போய் உட்கார்ந்தேன்.
அப்பத் தட்டு வரிசையாக வந்தது.
என் மடியைத் தாண்டி
அவளே அதை அடுத்தவருக்கு நீட்டினாள்.
மதியம் அதே கை
ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் பரிமாறியது.
இன்னும் கொஞ்சம் வைக்கவா என்று கேட்டது.

ரன்வாவுக்கு ஏழு மாதம்.
நானும் என் அக்காவும் போட்ட ஞானஸ்நானச் சட்டை
பெட்டிக்குள் மெல்லிய தாளில் சுற்றிக் கிடக்கிறது.
"வளர்ந்து அவளே கேட்கட்டும்" என்கிறாள் மர்யூன்.
நியாயம்தான்.
ஆனால் படகில் போகிறவன் காதில்
'வளர்ந்து' என்ற சொல்
அவ்வளவு உறுதியாக விழுவதில்லை.

நேற்று குழந்தையைக் குளிப்பாட்டினேன்.
கை தானாகக் கிண்ணம்போல் குவிந்தது,
நெற்றிக்கு மேலே வந்து நின்றது.

கதவருகில் மர்யூன்.
"தலையெல்லாம் ஈரம்."
"சோப்பு நுரை" என்றேன்.

துவாலையை எடுத்தாள்.
துடைத்தாள்,
காய்ந்த பிறகும்.