கீழ்ப்பாதி

ஆறு மணிக்குமேல் கூடூரில் யாரும்
சர்க்கரை பார்க்க வருவதில்லை.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மைக்ராஸ்கோப்பில் கல்லை வைப்பேன்.
பகலில் ஊர்க்காரர்களின் ரத்தம்.
இரவில் சைதாபுரத்துக் குழிகள்.

காக்காப்பொன் தோண்டி, வேண்டாமென்று கொட்டிய மேடுகள்
அங்கே வெயிலில் கண்ணைக் குத்தும்.
இஸ்திரிப்பெட்டிக்கும் ரேடியோவுக்கும் போகவேண்டிய தகடுகள்
எப்போதோ போய்விட்டன.
மிச்சத்தில் இருக்கிறது எனக்கு வேண்டியது:
நீளவாக்கில் கோடு விழுந்த கருந்தோரமல்லி,
நகைக்கு ஆகாத கார்னெட், பன்னிரண்டு முகமும் சரியாக.
பட்டை தீட்டுகிறவன் தொடாத கல்தான் என் கல்.
முனை உடைந்தால் கால் விலை.
முனை முழுசாக, அடியில் தாய்ப்பாறையோடு வந்தால்
கேட்ட விலை, பேரம் கிடையாது.

மஸ்தானம்மாவுக்கு இது தெரியும்.
தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

தையில் முன்பணம் கொடுத்தேன், இரண்டாயிரம்.
முதலில் கிடைக்கும் மஞ்சள் பெரில் எனக்கு.
"மீக்கே அம்மா" என்றாள்.

மாசிக் கடைசியில் பழைய ரவிக்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தாள்.
விரல் தடிமன். ஆறு பட்டை.
ரத்தம் உறைந்து அடங்கியபின்
குழாயின் மேலே தெளிந்து நிற்குமே சீரம்,
அந்த நிறம்.
அடியில் வெள்ளைக் குவார்ட்ஸ்,
ஓரத்தில் காக்காப்பொன் ஏடு ஏடாக.
மேலே
ஒன்றுமில்லை.
தூசுகூட இன்னும் உட்காராத முறிவு.

"மேல்பாதி எங்கே?"
"நெல்லூர் சாருக்கு."
அவரும் தையில்தான் இரண்டாயிரம் கொடுத்திருக்கிறார்.
"மாட்ட ரெண்டு, ராயி ஒகட்டி.
நான் என்ன பண்ண?"
சுத்தியலால் ஒரே தட்டாம்.
ரொம்ப சமமாக வந்ததாம்.
யாருக்கும் பாக்கியில்லாத முகத்தோடு
மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

அன்றிரவு ஒரு டைபாய்டு முடிவைத் தப்பாக எழுதி
காலையில் ஓடிப்போய் மாற்றினேன்.

பெஞ்சலய்யா இன்சூரன்ஸ் முகவர்.
உங்கள் பாதி எனக்கு, ஐந்தாயிரம் என்றார்.
உங்கள் பாதி எனக்கு, ஆறு.
ஏழு. எட்டு.
இரண்டு பக்கமும் வாங்குகிறவர்கள்.
விற்க ஆளில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிறு,
கூடூர் பஸ் நிலையத்தில் நெல்லூர் வண்டி நிற்கும் தூணருகே,
அவர் மூக்குக்கண்ணாடிக் கூட்டிலிருந்து எடுத்தார்.
நான் பஞ்சடைத்த சிரிஞ்சுப் பெட்டியிலிருந்து.
அவர் கையில் முனை, தட்டையாக, மேசை துடைத்தாற்போல.
என் கையில் வேர்.
பொருத்தினோம்.

உப்புக்கல் கடிபட்டதுபோல் ஒரு சிறு சத்தம்.
பிறகு கோடு தெரியவில்லை.
வெயில் உள்ளே போய் அடிவரை இறங்கியது.
சோடாக்காரன் எட்டிப் பார்த்துக்
கண்ணாடியா என்றான்.
நாங்கள் பிடியைத் தளர்த்தவில்லை.
ஃபெவிக்விக் என்றார் பெஞ்சலய்யா.
சொல்லிவிட்டு அவரே கூசிப்போனார்.
ஒட்டினால் யார் வீட்டுக்கு?

நடத்துனர் விசில் ஊதினார்.
முதலில் விலகியது யார் விரல் என்று
இன்றுவரை எங்களுக்குள் தகராறு.

முறிவை அன்றிரவு லென்ஸுக்குக் கீழே வைத்தேன்.
சிப்பி ஓடுபோல் அலை அலையாய் வளைந்த பரப்பு,
நடுவே ஊசிமுனைக் குழி, பாதிக் கிண்ணம்.
உள்ளே நீர் இருந்திருக்கும், ஒரு குமிழியோடு.
எந்தக் காலத்து ஈரமோ,
மஸ்தானம்மா தட்டிய அன்று மதியமே காய்ந்திருக்கும்.
மறுபாதிக் கிண்ணம் நெல்லூரில்.

சீட்டு எழுதினேன்:
எண் 112. பெரில், மஞ்சள். சைதாபுரம், கைவிட்ட குழி.
கீழ்ப்பாதி. முறிவு புதியது.
மேற்பாதி: பெஞ்சலய்யா, நெல்லூர்.
அவர் சீட்டில் என் பெயர் இருக்கிறதாம்,
மங்கையர்க்கரசியில் ஒரு எழுத்தைத் தொலைத்துவிட்டு,
தெலுங்கில்.

நேற்று மஸ்தானம்மா போன் செய்தாள்.
இன்னொன்று கிடைத்திருக்கிறது,
இதைவிடப் பெரிது, முனை முழுசாக.
"ஆனா அம்மா, இப்ப மெட்ராஸ்காரர் ஒருத்தரும்
பணம் கொடுத்திருக்கார்."

சுத்தியலைக் கீழே வை என்றேன்.
சிரித்தாள். அவளுக்குப் பின்னால் யாரோ
கல் உடைக்கிற சத்தம்.

எவ்வளவு என்றேன்.