மழைத்துடைப்பான் மட்டும்

துடைப்பான் மட்டும்தான் என்றேன்.
ஓட்டுகிறவர் பக்கத்தது.
பாதிக் கண்ணாடி வரை வந்து நின்றுவிடும்,
சொல்ல வந்ததை மறந்தவரைப் போல.
பெதெஸ்டாவில் வருஷத்துக்கு இருநூறு நாள் மழை.
மீதி நாள் தூறல்.

அறுபத்து நான்காம் வருஷத்து மோரிஸ் மைனர்,
பின்பாதி மரச்சட்டம் வைத்தது.
ஏலத்தில் எடுத்து வந்த அன்று
கெத்தின் ஒன்றுதான் கேட்டான்:
"எங்கே நிறுத்தப்போகிறாய், எய்ர்வென்?"
வண்டியைக் கேட்கிறான் என்று நினைத்து
கொட்டகையைக் காட்டினேன்.

மோட்டாரை எடுக்க டாஷ்போர்டைத் தளர்த்தினேன்.
ஒயர் கையோடு வந்தது,
துணிச்சுற்று உதிர்ந்து,
உள்ளே பச்சை பூத்த செம்பு.
ஒயர் போன வழியே விரலை விட்டேன்.
விரல் போய்க்கொண்டே இருந்தது.
கால்மிதிக்கு அடியில்
இரும்பு இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ ஒரு பழைய சொந்தக்காரர்
செய்தித்தாளைக் கசக்கித் திணித்துத்
தார் பூசியிருந்தார்.
விரித்தேன்: எழுபத்தொன்பதில்
ஆட்டுச்சந்தை விலை நிலவரம்.
தரையில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன்,
ஆடு வாங்கப் போகிறவளைப் போல.

ஓட்டையை அடைக்க வெல்டிங்.
வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில்
பெட்ரோல் டாங்க் இருக்கக் கூடாது.
டாங்கை இறக்கினால்
அதைத் தாங்கிய பட்டை அப்பளமாய் நொறுங்கியது.
பட்டையைத் தேடிக் குனிந்தபோதுதான்
பின்கதவு மரத்தில் அந்தக் காளானைப் பார்த்தேன்,
தொப்பி போட்டு, காலூன்றி,
வாடகை கொடுக்காமல்.

முப்பது வருஷமாகப் பிரசவம் பார்க்கிறேன்.
தலை தெரிந்துவிட்டதம்மா, இனி ஒன்றுமில்லை என்று
எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.
இங்கே தலை தெரிந்துகொண்டே இருக்கிறது.

ரப்பர் வளையம் சுண்டைக்காய்,
தபால்கூலி முக்கால்பணம்.
பிரித்த பிறகு தெரியும்
அது அறுபத்தொன்றாம் வருஷத்து வண்டிக்கானது என்று.
தபால்காரர் இத்தெல் இப்போதெல்லாம்
பெட்டியைக் குலுக்கிப் பார்த்தே சொல்கிறார்:
"இன்றைக்குக் கதவுக் கொண்டி."
பெரும்பாலும் சரியாக இருக்கும்.

இரண்டாம் குளிர்காலம்.
எஞ்சினைத் தூக்கச் சங்கிலியை உத்தரத்தில் மாட்டினேன்.
எஞ்சின் எழவில்லை.
உத்தரம் இறங்கியது.

ஆகவே உத்தரம்.
உத்தரத்துக்காகக் கூரை.
கற்பலகைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றி
சுவரோரம் சாய்த்து வைக்க
கெத்தின் ஏணியில் ஏறினான்.
ஒன்றும் கேட்கவில்லை.
தேநீரை வாளியில் கட்டி மேலே அனுப்பினேன்.
மூன்றாம் நாள், வாளி திரும்பி வரவில்லை.
நிமிர்ந்து பார்த்தால்
அவன் வேலையை விட்டுவிட்டு
எதிரே எங்கள் வீட்டுப் புகைபோக்கியைப்
பார்த்துக்கொண்டு நின்றான்,
தலையைக் கொஞ்சம் சாய்த்து.

அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.

"ஒரு செங்கல்தான்" என்றான்
இறங்கி வந்து கை கழுவும்போது.
எங்கே நிறுத்தப்போகிறாய் என்று
நான் கேட்கவில்லை.
துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாவது அக்டோபரில்
எல்லாம் பூட்டி முடித்து
கடைசியாகத் துடைப்பானுக்கு வந்தேன்.
மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.
கை பொருந்தும் அச்சில்
ஒரு மரை தளர்ந்திருந்தது.
வெளியிலிருந்தே,
மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல்,
சின்ன ஸ்பேனரால் அரைச் சுற்று.

யாரிடமும் சொல்லவில்லை.
இத்தெலிடம் மட்டும் சொன்னேன்.
அவர் வெகுநேரம் சிரிக்காமல் இருந்தார்.

இன்று காலை கொட்டகையிலிருந்து வெளியே எடுத்தேன்.
மழை.
துடைப்பான் போனது, முழுசாய்.
திரும்பி வந்தது.
தெளிந்த கண்ணாடியில்
புகைபோக்கி இருந்த இடத்தில் ஆகாயம்,
பக்கத்தில் கெத்தின்,
இரு கையிலும் செங்கல்,
என்னைப் பார்த்து ஏதோ கத்துகிறான்.

பதிலுக்கு ஹார்னை அழுத்தினேன்.

மறுபடி அழுத்தினேன்.