ஈரப்பதம்

பிஷ்கெக்கில் மூன்றாம் நாள்.
மேசைக்கு இந்தப் பக்கம் பதினாறு,
அந்தப் பக்கம் பதினான்கு.
நடுவில் அமர்ந்து மொழிபெயர்க்கிறேன்
இரண்டு விழுக்காடு தண்ணீரை.

துருக்கியில் நீருக்கு 'சு'.
எங்கள் கிர்கிஸில் 'சூ'.
குறிலுக்கும் நெடிலுக்கும் இடையே
நாற்பது லாரி வெள்ளை பீன்ஸ்
தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது எல்லையில்.

செவ்கெத் பே ஏழாம் பக்கத்தைத் திருப்பி
"பூஞ்சை" என்கிறார், "துறைமுகத்துப் புழுக்கம்" என்கிறார்.
துர்துபெக் கண்ணாடியைத் துடைத்தபடி
"மலைமழை" என்கிறார்.
இரண்டும் உண்மை.
இரண்டையும் ஒரே குரலில் சொல்லத்தான்
எனக்குச் சம்பளம்.

கதவோரம் கால்யிபா.
தலாஸிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தவள்.
விவசாயிகள் சார்பில் ஒரு நாற்காலி,
மைக் கிடையாது.
கோட்டுப் பையைத் துழாவி
ஒரு விதையைக் கடைவாயில் வைத்துக் கடித்தாள்.
டக்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

எழுந்து வந்து இன்னொன்றை
தேநீர்க் கிண்ணங்களுக்கு நடுவே உருட்டிவிட்டாள்.
செவ்கெத் பே யோசித்தார்,
கடித்தார்,
கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.
மூன்று நாளில் முதல் சிரிப்பு.
அவருடையது மட்டும் சற்றுப் பிந்தி.

மாலையில் கையெழுத்து: பதினைந்து.
குறிலுமில்லை, நெடிலுமில்லை,
ஒன்றரை மாத்திரை.
புகைப்படத்துக்கு என்னை நகரச் சொன்னார்கள்.

படிக்கட்டில் கால்யிபா காத்திருந்தாள்.
"அந்த ஒரு விழுக்காட்டைக் காயவைக்க
அக்டோபரில் வெயில் வேண்டுமே,
அது எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது?"

கிர்கிஸில்தான் கேட்டாள்.
புரியாதவன்போல் நின்றேன்,
தூறலில்.