பன்னிரண்டாம் அறை

மதியமே வந்துவிட்டது கடைசி அத்தியாயம்.
எனக்கு இரவு எட்டு வரை டியூட்டி.
போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு
கீழ்ப்பாக்கத்தில் வென்டிலேட்டர்களுக்கு
வடிகட்டி மாற்றிக்கொண்டிருந்தேன்.
திரும்பும்போது 29சி-யில், பின்சீட்டுப் பையன் ஒருவன்
"கேப்டன் கடைசியில..." என்று தொடங்கினான்.
ஓட்டேரியிலேயே இறங்கிவிட்டேன்.
நல்லா ஓரமாக, மூக்கைப் பிடித்துக்கொண்டு
பெரம்பூர் வரை நடை.
காதில் எதுவும் ஓடாத இயர்போன்.

ஏழு வருடம்.
'ஓரியல்' கப்பலில் அந்த அறை பூட்டியே கிடந்தது.
உள்ளிருந்து மூன்று தட்டல்,
ஓர் இடைவெளி,
அப்புறம் ஒன்று.
கேப்டனின் செத்துப்போன மகள் என்றேன் இரண்டாம் பருவத்தில்.
கப்பலே கர்ப்பமாக இருக்கிறது, பிள்ளை உதைக்கிறது
என்றாள் யூனிஸ் நான்காவதில்.
ஐசியூவின் பின்னறை, விடிகாலை மூன்று மணி,
ஆளுக்கொரு காதில் ஒரே ஒலி,
நடுவே ஒரு பொட்டலம் வறுகடலை.
ஓரியலின் அபாய மணியும்
எங்கள் சிரிஞ்ச் பம்ப் தீரும் மணியும்
ஒரே சுருதி.
எத்தனை முறை கப்பலைக் காப்பாற்ற எழுந்து
ஒன்பதாம் படுக்கைக்கு ஓடியிருக்கிறோம்!

சரி, திறந்தார்கள்.
நாற்பத்தோராவது நிமிடம்.
உள்ளே
ஒரு குழாய்.
பிடி தளர்ந்த குழாய்.
அழுத்தம் மாறும்போதெல்லாம் சுவரில் இடித்திருக்கிறது.

"டேய்!" என்றேன் டிவியைப் பார்த்து.
"மெதுவா. இப்பதான் தூங்கினா" என்றாள் தமயந்தி
உள்ளேயிருந்து.
குழாயா?
ஏழு வருடமாய் ஒரு கிளாம்ப் கிடைக்கவில்லையா?
மாரெக் செத்தது இதற்கா?
தன் பெயரை மறந்த அந்த ரோபோ
கதவைத் தானே சாத்திக்கொண்டு வெளியே மிதந்தது இதற்கா?
பொங்கலன்று மாமனார் வீட்டுக் கழிவறையில்
குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்து
ஆறாம் பருவ முடிவைப் பார்த்தேனே,
வயிறு சரியில்லை என்று
ஓமவாட்டர் கொடுத்தார்களே,
அதையும் குடித்தேனே!
போதாததற்கு வயலின் வேறு.
எல்லோரும் எல்லோரையும் மன்னிக்கிறார்கள்,
கடை கட்டும் நேரத்துக் கீரை மாதிரி,
வந்த விலைக்கு.

ஆனால் இல்வா.
அவளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.
குழாயைப் பார்த்தவள் அழவில்லை, சிரிக்கவில்லை.
இடுப்பிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள்.
வலப்பக்கம் முக்கால் சுற்று.
நிறுத்தி, இன்னும் கொஞ்சம்.
பிறகு இரண்டு விரலைக் குழாய்மேல் வைத்து
அதிர்வு நின்றதா என்று பார்த்தாள்.
அந்த இடத்தில் இசை இல்லை.
அந்த விரல்களை எழுதியவர்
எங்கோ எதையோ ரிப்பேர் செய்தவராகத்தான் இருக்க வேண்டும்.
நாங்கள் அப்படித்தான் வைப்போம்.
யாரும் பார்ப்பதில்லை.
எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.
திரை அதற்குள்
ஒரு சமையல் போட்டியைச் சிபாரிசு செய்தது.

பன்னிரண்டு மணிக்கு யூனிஸ் அழைத்தாள், மஸ்கட்டிலிருந்து.
அவளுக்கு நைட்.
திட்டித் தீர்த்தோம்.
"பிடிக்கவே இல்ல. ரெண்டு தடவை பாத்துட்டேன்."
பிறகு சொன்னாள்:
"மொத நாளே நீ சொன்னியே,
ஏதாவது லூஸ் பைப்பா இருக்கும்னு.
உனக்கு உலகமே ரிப்பேர்தான்னு
நான்தான் வாயை அடைச்சேன்."
எனக்கு நினைவில்லை.
சத்தியமாக நினைவில்லை.
சொல்லியிருந்தால்
அப்புறம் ஏன் ஏழு வருடம்
வேறு எதுவாகவாவது இருக்கட்டும் என்று
கும்பிடாத குறையாகக் கிடந்தேன்?

அவள் பக்கம் மணி அடித்தது.
அதே சுருதி.
"இரு, வந்துடறேன்" என்று
போனை மேசைமேல் வைத்துவிட்டு ஓடினாள்.
செருப்புச் சத்தம் தேய்ந்தது.
இங்கே லோகோ பக்கம் ஒரு வண்டி
நகராமல் ஊதிக்கொண்டே இருந்தது.
அங்கே மணி
அடித்தது,
அடித்தது,
நின்றது.

நான் இன்னும் கொஞ்ச நேரம்
காதிலேயே வைத்திருந்தேன்.