முழங்காலளவு

ஸமார்தியில் ரயில் எங்களை இறக்கிவிட்டபோது
ஏரி எழுந்திருக்கவில்லை.
மூடுபனிக்குள் நாணல். நாணலுக்குள்
யாரோ இருமுவது போல ஒரு வாத்து.

நாங்கள் நால்வரும் செகெட் நகரத்தில்
டிராலி பஸ் ஓட்டுகிறவர்கள்.
வருஷம் முழுக்க உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றிவிட்டு
அக்டோபரில் ஒரே ஒரு நாள்
கால்கள் எதற்கென்று கால்களுக்கே சொல்ல வருவோம்.
லெல்லெ வரை இருபத்தெட்டு கிலோமீட்டர்.
பாலடோனின் தென்கரையில் மேடில்லை, பள்ளமில்லை,
சாக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை.

எர்வின் எதையும் நிறுத்தங்களாக அளப்பான்.
"இதோ, மூன்று நிறுத்தம்" என்பான், எல்லாவற்றுக்கும்.
எமோக்கே முன்னால் போவாள்,
இல்லாத ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்தபடி.
பிரோஷ்கா புது ஷூ போட்டிருந்தாள்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருக்க வேண்டும்.

கோடையில் லாங்கோஷ் பொரித்து விற்ற கடைகளில்
பலகை அறைந்திருந்தார்கள்.
மரத்தில் இன்னும் பூண்டு வாசனை இருப்பதாக
மூக்கை வைத்துச் சத்தியம் செய்தான் எர்வின்.
கரையில் கவிழ்த்துப் போட்ட அன்னப் படகுகள்;
நிஜ அன்னங்கள் இரண்டு அருகே வந்து
துக்கம் விசாரிக்க வந்தவர்கள் போல
கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயின.

பனி விலகியதும் எதிர்க்கரையில்
திஹான் மடாலயத்தின் இரட்டைக் கோபுரம்.
ஒரு மணி நேரம் நடந்தோம். அங்கேயே இருந்தது.
இன்னும் ஒரு மணி நேரம். அங்கேயே.
நாம்தான் நடக்கிறோமா என்று கேட்டாள் எமோக்கே.
இது பசியின் பேச்சு என்றான் எர்வின்.

ஃபெல்ட்வாரில் ஒரு பெஞ்சு.
ரொட்டி, பன்றிக் கொழுப்பு, ஊதா வெங்காயம்,
நால்வருக்கும் ஒரே கத்தி.
பிரோஷ்கா ஷூவைக் கழற்றினாள்.
குதிகாலில் திராட்சையளவு கொப்புளம்,
உள்ளே வெளிச்சம்.
"நான் ரயிலில் வந்துவிடுகிறேன்" என்றாள்,
யாரிடமும் மன்னிப்புக் கேட்காத குரலில்.
எங்கள் பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு
நொண்டி நொண்டி ஸ்டேஷனுக்குப் போனாள்,
ஜெயித்தவள் மாதிரி.

முதுகு லேசானது. பேச்சு கனத்தது.
ரயிலில் வந்தால் கணக்கில் சேராது என்றான் எர்வின்.
என்ன கணக்கு, யார் எழுதுகிறார்கள் என்றேன்.
சேராது என்றான்.
போன வருஷம் கடைசி இரண்டு கிலோமீட்டர்
நீ பால் வண்டியில் வரவில்லையா,
திரும்பிப் பார்க்காமலே கேட்டாள் எமோக்கே.
அதன் பிறகு செமெஷ் வரைக்கும்
சரளைக்கல் மட்டும் பேசியது.

செமெஷ் தாண்டியதும் காற்று.
கரையோரக் கம்பத்தில் புயல் விளக்கு
மஞ்சளாகத் துடிக்கத் தொடங்கியது.
பச்சையாக இருந்த ஏரி ஈயமானது;
நிறம் இருந்த இடத்தில் ஓர் எடை.
நடக்கிறோம் என்பதே மறந்து நடந்தோம்:
ஒரு கால், அதன் பின்னாலேயே
அதற்குக் கடன் கொடுத்தவன்.

லெல்லெ படகுத்துறையில் எங்கள் பைகள்.
பக்கத்தில் புது ஷூ ஒரு ஜோடி,
உள்ளே சுருட்டி வைத்த காலுறைகள்.
பிரோஷ்கா இல்லை.

ஏரிக்குள், வெகு தொலைவில்,
கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு
விரல் உயரத்தில் நின்றிருந்தாள்.
அங்கும் தண்ணீர் முழங்காலளவுதான்.
இந்தக் கரை அப்படி.
ஆழமாவதற்கு அதற்கு அவசரமே கிடையாது.
கத்தினோம்.
காற்று எங்கள் குரலை எங்கள் வாயிலேயே திணித்தது.

அவள் திரும்பி நடந்து வர எவ்வளவு நேரமானது என்றால்
எர்வின் ஷூவைக் கழற்றி,
யோசித்து மறுபடி மாட்டி,
மறுபடியும் கழற்றிவிட்டான்.
"எத்தனை நிறுத்தம்?" என்று கூவியபடி
தண்ணீரில் இறங்கி
குளிருக்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்.
"நீ வந்து எண்ணு" என்று கேட்டது.
அப்படித்தான் கேட்டது என்று நினைக்கிறேன்.

ஆறு நாற்பது ரயிலில்
எட்டு பாதங்களையும் எதிர் இருக்கைகளில் போட்டு
யாருடைய காலுறை யாருடையதென்று சண்டை.
ஜன்னலில், இருட்டுக்கு அப்பால்,
விளக்குப் போட்ட இரட்டைக் கோபுரம்
இப்போதுதான் நகர ஆரம்பித்தது.